உப்புத் தண்ணி, குட்டி டேங்க்: மீன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்வியெல்லாம் பிரிச்சுப் பாத்தா முக்கால்வாசி ஒரே புலம்பல்தான், "எங்க வீட்ல உப்புத் தண்ணி சார், மீனே நிக்க மாட்டேங்குது". அதனால இந்த இதழ அதுக்கே ஒதுக்கிட்டேன். பாசி பத்தியும் ஃபில்டர் சத்தம் பத்தியும் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், இதான் சார் நம்ம டேங்க். நியான் டெட்ரா பத்து விட்டேன், பன்னெண்டு நாள்ல ஒண்ணு கூட இல்ல. டேங்கக் கழுவி மறுபடி பத்து விட்டேன், அதுவும் போச்சு. டெஸ்ட் கிட் வாங்கிப் பாத்தா ஜிஹெச் 18, கேஹெச் 12, பிஹெச் 8னு காட்டுது. தண்ணிய எப்படி சரி பண்றது, இல்ல இந்த ஆசையே வேண்டாம்னு விட்டுடவா?

பதில்: உங்க தண்ணிக்கு ஒரு நோயும் இல்ல சார், சரி பண்றதுக்கு. நீங்க தேர்ந்தெடுத்த மீன்தான் அந்தத் தண்ணிக்கு ஆகாதது.

நாம "உப்புத் தண்ணி"ன்னு ஒரே வார்த்தைல ரெண்டு சமாச்சாரத்த சொல்லிடுறோம், குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. நாக்குல கரிக்குதே அந்த உப்பு வேற. சோப்பு போட்டா நுரை வராம, காஞ்சதும் பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதே அது வேற. ரெண்டாவது சொன்னதுதான் ஹார்ட் வாட்டர், அதுல இருக்கிறது கால்சியமும் மக்னீசியமும். ஜிஹெச் அளக்குறது அந்த ரெண்டையும்தான். கேஹெச்ங்கிறது கார்பனேட், பைகார்பனேட் அளவு. பிஹெச்ங்கிறது தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு, 7 நடு. ஒரு டிகிரின்னா சுமார் 17.9 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தனை பங்கு), அப்ப உங்க 18 டிகிரி ஏறக்குறைய 320 பிபிஎம். நல்ல ஹார்ட் வாட்டர்தான், சந்தேகமே இல்ல.

நியான் டெட்ராவோட சொந்த இடம் அமேசான் படுகை. அங்க காட்டுக்குள்ள ஓடுற ஓடைல இலை மக்கி மக்கி தண்ணி டீ கலர்ல இருக்கும், கால்சியம் பேருக்குத்தான் இருக்கும். ஆனா உங்க மீன் பன்னெண்டு நாள்ல பத்தும் போனதுக்கு கால்சியத்த மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். பண்ணைல பொரிச்சு வளத்த நியான் ஹார்ட் வாட்டர்ல போட்ட உடனே இப்படி கூண்டோட போகாது, அதோட முட்டை பொரியாது, ஆயுசு குறையும், அவ்வளவுதான். எனக்கு சந்தேகம் அம்மோனியா மேல. நீங்க டேங்கக் கழுவிட்டு மறுபடி விட்டேன்னு எழுதினீங்க பாருங்க, அதப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஃபில்டர்லயும் கல்லுலயும் பாக்டீரியா குடியேறி மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்குற வரைக்கும் நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். நீங்க அதுல கொஞ்சம் வளந்ததையும் தேய்ச்சுக் கழுவி ஊத்திட்டீங்க.

இதுல ஹார்ட் வாட்டர்காரங்க கூடுதலா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அம்மோனியா தண்ணில ரெண்டு வடிவத்துல இருக்கும், ஒண்ணு அவ்வளவா தொந்தரவு இல்லாத அம்மோனியம், இன்னொண்ணு செவுளையே எரிக்கிற நிஜ அம்மோனியா. 25 டிகிரி சூட்ல பிஹெச் 7 இருந்தா மொத்தத்துல 0.6 சதவீதம்கிட்டதான் அந்த விஷ வடிவம். அதே பிஹெச் 8 ஆனா 5 சதவீதத்துக்கு மேல போயிடும், ஏறக்குறைய ஒம்பது மடங்கு. அதாவது டெஸ்ட் கிட்ல ஒரே கலர் காட்டினாலும் ஒருத்தர் டேங்க்ல மீன் சமாளிச்சுக்கும், உங்க டேங்க்ல செத்துடும். அதனால டேங்க் சைக்கிள் ஆகாம, அதாவது அந்த பாக்டீரியா முழுசா குடியேறாம, உங்க தண்ணில எந்த மீனும் விடாதீங்க, கப்பியா இருந்தாலும் சரி.

அடுத்து நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அதான் பண்ணேன். பிஹெச் குறைக்கிற பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வருவீங்க. வேணாம். நான் ஆரம்பிச்ச புதுசுல பிஹெச் 8.2 இருந்துச்சு, சாயங்காலம் மூடியால அளந்து ஊத்தினேன், அரை மணி நேரத்துல 7க்கு வந்துச்சு, ஏதோ சாதிச்ச மாதிரி போய்ப் படுத்துட்டேன். காலைல பாத்தா பழையபடி 8. மறுபடி ஊத்தினேன். இப்படியே அஞ்சு நாள் ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, ஆறாவது நாள் மூணு கப்பி மேல மிதந்துச்சு. அந்த மூணும் பிஹெச் 8ல அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஜோரா இருந்த மீனுங்க! காரணம் கேஹெச்தான். அதுல இருக்கிற பைகார்பனேட் நீங்க ஊத்துற ஆசிட்ட ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சுடும், அப்ப உண்டாகுற கார்பன் டை ஆக்சைடு ராத்திரியோட வெளில போயிடும், பிஹெச் பழைய இடத்துக்கே வந்துடும். விடாம ஊத்திட்டே இருந்தா ஒரு நாள் அந்த ஸ்பாஞ்சே தீந்துபோய் பிஹெச் தடால்னு சரியும், அது இன்னும் மோசம். 8லயே அசையாம நிக்கிற பிஹெச் மீனுக்கு ஒரு பிரச்சனையே இல்ல, தினம் ஆடுற பிஹெச்தான் கொல்லும். உங்க கேஹெச் 12 அது ஆடாம காவல் காக்குது, அத போய் எதிரி மாதிரி பாக்காதீங்க.

சரி, என்ன மீன் விடலாம். உங்க டேங்க் கணக்குக்கு 56 லிட்டர், கல்லு மண்ணு போக 45 லிட்டர் நிக்கும்னு வைங்க.

என்னோட முதல் சாய்ஸ் எண்ட்லர். ஆண் மீன் 2.5 சென்டிமீட்டர்தான், ஆனா ஆரஞ்சு, பச்சை, கருப்புன்னு யாரோ பிரஷ்ஷ உதறின மாதிரி கலர். வெனிசுவேலால கடலுக்குப் பக்கத்துல லகுனா டி பாட்டோஸ்னு ஒரு ஏரி, 1975ல ஜான் எண்ட்லர்ங்கிற உயிரியல் ஆராய்ச்சியாளர் அங்கேர்ந்து புடிச்சுட்டு வந்தார், அதான் அந்தப் பேரு. தனி இனம்னு அறிவியல் பேர் வச்சது 2005லதான். அந்த ஏரித் தண்ணி எப்படி இருந்துச்சு தெரியுமா, சூடா, பச்சைப் பாசியோட, ஹார்டா. உங்க குழாய்த் தண்ணிய விட அதுக்கு வேற என்ன வேணும்! ஆண் மட்டும் பத்து பன்னெண்டு விடுங்க, போதும். பெண்ணும் சேத்து விட்டீங்கன்னா நாலு வாரத்துக்கு ஒருக்கா குட்டி, அடுத்த இதழுக்கு நீங்க எழுதுற கேள்வியே வேறயா இருக்கும். கப்பியோட மட்டும் சேத்து விடாதீங்க, ரெண்டும் கலந்துடும், ரெண்டு தலைமுறை தாண்டினா அது எண்ட்லரும் இல்ல, கப்பியும் இல்ல.

கப்பி பத்தி நான் புதுசா சொல்ல என்ன இருக்கு. டிரினிடாட்லேர்ந்து ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பின்னு ஒருத்தர் லண்டன் மியூசியத்துக்கு அனுப்பி வச்சார், 1866ல அவர் பேரையே மீனுக்கு வச்சாங்க. ஆனா அதே மீனுக்கு 1859லயே வேற ஒருத்தர் பேர் வச்சிருந்தது அப்புறம் தெரிஞ்சு அறிவியல் பேர் மாறிடுச்சு, ஜனங்க வாய்ல மட்டும் கப்பி ஒட்டிக்கிச்சு. ஹார்ட் வாட்டர் அதுக்கு கொண்டாட்டம். ஒரே எச்சரிக்கை, வால் ரொம்ப பெருசா தொங்குற ஃபேன்சி ரகத்துல மீன் கொஞ்சம் சோம்பேறி, சீக்கிரம் சீக்கு புடிக்கும், சின்ன வால் ரகம் நல்லா உழைக்கும்.

பிளாட்டியும் தாராளமா விடலாம், 5, 6 சென்டிமீட்டர் வரும், அதனால அஞ்சாறு போதும், அதுல ஒரு ஆணுக்கு ரெண்டு பெண்ணாவது இருக்கணும், இல்லன்னா ஆண் தொரத்தியே பெண்ண ஓச்சுடும். மோலி உங்க தண்ணிக்கே பொறந்த மீன், ஆனா உங்க டேங்குக்கு இல்ல. செயில்ஃபின் மோலில்லாம் 10 சென்டிமீட்டர் தாண்டும், மேயுறதும் அதிகம், கழிக்கிறதும் அதிகம். வாள்வால் மீனும் (ஸ்வார்ட்டெய்ல்) அதே கதைதான், நீளமான டேங்க் வேணும்.

குட்டி போடுற மீனே சலிச்சுப்போச்சுங்கறவங்களுக்கு ஃபோர்க்டெய்ல் புளூ ஐ. பப்புவா நியூ கினி ஓடை மீன், 5 சென்டிமீட்டர், மஞ்சத் துடுப்பு, கண்ணச் சுத்தி நீல வளையம். எட்டு சேந்து விட்டா ஆண்லாம் காலைல துடுப்ப விரிச்சு ஒண்ணுக்கொண்ணு சவால் விட்டுட்டு நிக்கும், ஆனா அடிச்சுக்காது. முட்டைய பாசில ஒட்ட வைக்கும், பொரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். கொஞ்சம் தேடித்தான் புடிக்கணும்.

கீழ்த்தளத்துக்கு செர்ரி இறாலும் ரெண்டு மூணு நெரைட் நத்தையும் போடுங்க. சாஃப்ட் வாட்டர்ல நத்தை ஓடு மேல்முனைல அரிச்சு அரிச்சு வெள்ளையாயிடும், உங்க தண்ணில அந்தக் கவலை இல்ல.

மீன் வாங்குறப்ப அது எந்தத் தண்ணில நின்னுச்சுன்னு கேளுங்க. சாஃப்ட் வாட்டர்ல இருந்தத அப்படியே உங்க டேங்க்ல கவுத்தா நல்ல எண்ட்லர் கூட ஆடிப்போயிடும். சின்னக் குழாய வச்சு சொட்டு சொட்டா ஒரு மணி நேரம் உங்க தண்ணிய அதுல கலந்துட்டு அப்புறம் விடுங்க.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர்ல 700 காட்டுது. அப்ப ஜிஹெச் எவ்வளவு?

பதில்: அதுலேர்ந்து சொல்ல முடியாதுங்க. டிடிஎஸ் மீட்டர் தண்ணில மின்சாரம் எவ்வளவு கடக்குதுன்னு பாத்து, கரைஞ்சிருக்கிற எல்லாத்துக்கும் சேத்து ஒரு மதிப்பு போட்டுச் சொல்லுது. அதுல கால்சியமும் இருக்கலாம், சாதா சோடியம் உப்பும் இருக்கலாம். 700 காட்டுற ரெண்டு தண்ணில ஒண்ணு ஜிஹெச் 25 இருக்கும், இன்னொண்ணு 8 கூட இருக்காது. சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்குங்க, 5 மில்லி தண்ணில ஒவ்வொரு சொட்டா விட்டு எண்ணணும், கலர் மாறுறப்ப எத்தனையாவது சொட்டோ அத்தனை டிகிரி. கேஹெச்ல நீலம் மஞ்சளாகும், அந்த மாத்தம் பட்டுனு தெரியும்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன், என் டேபிள்ல ஒரே ஒரு டேங்க்தான் வைக்க முடியும், ரெண்டடி. கலர் முக்கியமில்ல, உக்காந்து பாத்துட்டே இருக்கிற மாதிரி ஏதாவது பண்ற மீன் வேணும். தண்ணி பயங்கர ஹார்ட், பிஹெச் 8.2.

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துட்டு இருந்தேன். மல்டி வளருங்க. முழுப் பேரு நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபாசியாடஸ், சொல்றதுக்குள்ள மீனே வளந்துடும், அதனால எல்லாரும் மல்டின்னுதான் சொல்றது. ஆப்பிரிக்காவோட டாங்கனிக்கா ஏரி மீன், சிக்லிட் குடும்பத்துலயே ரொம்ப பொடிசுல ஒண்ணு, ஆண் 4, 4.5 சென்டிமீட்டர், பெண் 3. அந்த ஏரில பிஹெச் 9 கிட்ட இருக்கும். அங்க தரைல செத்த நத்தைங்களோட காலி ஓடு குவிஞ்சு கிடக்கும், அந்த ஓட்டுக்குள்ளதான் குடித்தனம், முட்டை, குஞ்சு எல்லாம்.

டேங்க்ல 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நைஸ் மணல் போடுங்க, கல்லு வேணாம். காலி நத்தை ஓடு, வாய் ரெண்டரை மூணு சென்டிமீட்டர் அகலம் இருக்கிறதா, ஒரு மீனுக்கு மூணு வீதம். ஆறு சின்ன மீனா வாங்கிட்டு வந்து விடுங்க, ஜோடிய அதுங்களே பாத்துக்கும். ஓட்ட நீங்க அழகா அடுக்கி வைப்பீங்க, மறுநாள் காலைல அந்த அழகு இருக்காது. ஒவ்வொண்ணும் தன் ஓட்டச் சுத்தி வாயால மணல அள்ளி அள்ளித் துப்பி, ஓடு மெல்ல மெல்ல மணலுக்குள்ள இறங்கி, கடைசில வாசல் மட்டும் தரை மட்டத்துக்கு தெரியுற மாதிரி வச்சுக்கும். அந்த வாசல்ல நிக்கும், நீங்க கைய அசைச்சா ரிவர்ஸ்ல சர்ருனு உள்ள போகும், ரெண்டு நிமிஷம் கழிச்சு ரெண்டு கண்ணு மட்டும் வெளில வரும். பக்கத்து வீட்டுக்காரன் துப்பின மணல் நம்ம வாசல்ல விழுந்தா சண்டை வேற.

கொஞ்ச நாள்ல ஒரு ஓட்டு வாசல்ல பொடிப்பொடியா கடுகு சைஸ்ல குஞ்சு தெரியும். மத்த மீன் மாதிரி குஞ்ச வேற டேங்க்ல மாத்த வேண்டியதில்ல, அப்பா அம்மா திங்காது. போன ஈட்டுக் குஞ்சும் இந்த ஈட்டுக் குஞ்சும் ஒண்ணா அதே தெருவுல வளரும். வேற எந்த மீனும் அதுல சேக்காதீங்க, முக்கியமா தரைல திரியுற மீன். நைட்ரேட் ஏறினா இதுக்கு ஆகாது, வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்தணும். சாப்பாடு பொடியா இருக்கணும், ஆர்டீமியாங்கிற பொடி இறால் குஞ்சு, நைஸ் பெல்லட், அவ்வளவே. டேங்கக் கலச்சு ஒரு மீன வெளில எடுக்கணும்னா எல்லாம் ஓட்டுக்குள்ள போயிடும், ஓட்டோட எடுத்துத் தலைகீழா ஆட்டினாலும் இறங்காது, அத இப்பவே சொல்லிட்டேன்.

கேள்வி: எனக்கு ராம் சிக்லிட்தான் வேணும், வேற எதுவும் வேணாம். எங்க தண்ணி ஜிஹெச் 20. ஆர்ஓ தண்ணி கலக்கலாமா? வீட்டுக்கு சாஃப்ட்னர் மாட்டியிருக்கோம், அந்தத் தண்ணியே ஊத்தலாமா?

பதில்: சாஃப்ட்னர் தண்ணி வேணாம்மா. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்த வைக்குது, சோப்பு நுரைக்கும், மீனுக்கு ஒரு லாபமும் இல்ல. ஆர்ஓ கலக்கலாம், கணக்கு சுலபம்தான். பாதிக்குப் பாதி கலந்தா ஜிஹெச் 20 பத்தாகும், கேஹெச்சும் அதே மாதிரி பாதியாகும். ஒரு பங்கு குழாய்த் தண்ணிக்கு மூணு பங்கு ஆர்ஓன்னா 5, ராமுக்கு இதான் சரி. முழுக்க ஆர்ஓ மட்டும் ஊத்திடாதீங்க, கேஹெச் இல்லாத தண்ணில பிஹெச் எப்ப சரியும்னு சொல்ல முடியாது.

ஆனா இது ஒரு நாள் வேலை இல்லங்கிறத யோசிச்சுக்கங்க. வாரா வாரம், அதே அளவு, வெளியில கலந்து வச்சு அப்புறம் ஊத்தணும். ஊருக்குப் போயிட்டு வந்த அலுப்புல ஒரு வாரம் நேரா குழாய்த் தண்ணிய ஊத்தினீங்கன்னா அதுதான் ராமுக்கு கடைசி வாரம். ஒரே மீன் மேல அவ்வளவு பிரியம்னா பண்ணுங்க, நான் தடுக்கல, நானே ஒரு காலத்துல பண்ணவன்தான், பக்கெட் தூக்கி இடுப்பு புடிச்சதும் விட்டுட்டேன். காய்ச்சி ஆற வச்ச தண்ணில ஹார்ட்னஸ் குறையும்னு இன்னொரு வாசகர் எழுதியிருக்கார், உண்மைதான், பைகார்பனேட்டோட சேந்த கால்சியம் அடில வெள்ளையா படிஞ்சுடும். ஆனா எவ்வளவு பானை வைப்பீங்க?

கேள்வி: பாதாம் இலையும் டிரிஃப்ட்வுட் மரக்கட்டையும் போட்டா பிஹெச் குறையுமாமே?

பதில்: உங்க கேஹெச் என்னன்னு எழுதல. 2, 3 இருந்தா குறையும். 10க்கு மேல இருந்தா தண்ணி டீ கலர் ஆகும், பிஹெச் இருந்த இடத்துலயே இருக்கும். இறாலுக்கு அந்த இலை பிடிக்கும், மேஞ்சு நரம்பு மட்டும் விட்டு வைக்கும், அதுக்காக வேணா போடுங்க. பவளத் துண்டும் சுண்ணாம்புக் கல்லும் மட்டும் அழகா இருக்குன்னு சேக்காதீங்க, இருக்கிறது போதாதா.

கேள்வி: கண்ணாடில தண்ணி மட்டத்துல வெள்ளைக் கோடு விழுந்து போக மாட்டேங்குது. குறையுற தண்ணிய தினம் ரொப்பிட்டுத்தான் இருக்கேன், அப்படியும் மீன் மந்தமா இருக்கு.

பதில்: கோடு சின்ன விஷயம், கால்சியம் கார்பனேட்தான் அது. வெள்ளை வினிகர்ல துணிய நனைச்சு மட்டத்த கொஞ்சம் இறக்கிட்டு தேய்ங்க, உள்ள சொட்டாம பாத்துக்கங்க.

பெருசு அந்த ரெண்டாவது வரில இருக்கு. ஆவியா போறது சுத்தத் தண்ணி மட்டும், கால்சியம் எங்கயும் போகாது, டேங்க்லயே நின்னுடும். நீங்க அதுல இன்னும் ஹார்ட் வாட்டரையே ரொப்புறீங்க, அதுலயும் கால்சியம் வருது. இப்படி ஆறு மாசம் போனா குழாய்ல 18 வர்ற வீட்ல டேங்க்ல 30 இருக்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ரொப்புறது தண்ணி மாத்துறது ஆகாதுங்க. வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு எடுத்து ஊத்திட்டுப் புதுசு விடுங்க, நடுவுல ஆவியாகி குறையுறதுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணியோ சுத்தமா புடிச்ச மழைத் தண்ணியோ ரொப்புங்க. உங்க டேங்க் ஏற்கனவே ஏறியிருக்கும், அதனால ஒரே நாள்ல பாதி மாத்திடாதீங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா பத்து சதவீதம்னு மெதுவா இறக்குங்க.

கேள்வி: ஹார்ட் வாட்டர்ல செடி வருமா?

பதில்: வாலிஸ்நேரியா புல்லு மாதிரி வரும். நிறைய செடிக்கு தண்ணில கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடுதான் சாப்பாடு, வாலிஸ்நேரியா பைகார்பனேட்டையும் உடைச்சு எடுத்துக்கும், உங்க தண்ணில அது கொட்டிக் கிடக்கு. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஹார்ன்வோர்ட் இதெல்லாமும் சண்டை போடாம வளரும்.

கேள்வி: மோலி ஒரே இடத்துல நின்னு நெளியுது, டான்ஸ் ஆடுற மாதிரி. ஹார்ட் வாட்டர்னாலயா?

பதில்: தலைகீழா புரிஞ்சுக்கிட்டீங்க. உடம்பு முன்னாடி போகாம நின்ன இடத்துலயே வளைஞ்சு வளைஞ்சு நெளியுறது, தண்ணி ரொம்ப சாஃப்டா இருந்தாலோ சில்லுனு இருந்தாலோ அம்மோனியா ஏறினாலோ வர்றது. முதல்ல அம்மோனியா டெஸ்ட், அப்புறம் தெர்மாமீட்டர். 25, 26 இருக்கணும். ரெண்டும் சரியா இருந்தா ஜிஹெச் பாருங்க, ஆர்ஓ தண்ணி ஊத்துற வீடா இருக்கும்னு எனக்குத் தோணுது.

கேள்வி: விரல் நீளத்துல சுறாக்குட்டி மாதிரி ஒரு மீன், வெள்ளிக் கலர், ரொம்ப அழகு. எந்தத் தண்ணிலயும் நிக்கும்னாங்க. ரெண்டடி டேங்குக்கு ரெண்டு விடலாமா?

பதில்: தண்ணி பிரச்சனை இல்ல, அது எதுலயும் நிக்கும். ஒரு மீட்டருக்கு மேல வளரும், உங்க டேங்க் அதுல பாதிக்கு சொச்சம்தான் வரும்.